ராட்டின வரிசையில சிகரெட் வாடை: கேட்டதும் சொன்னதும்

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு வாட்டர் பார்க்குல பதினோரு வருசம் செக்யூரிட்டி சூப்பர்வைசரா இருந்தேன். அதுக்கு முன்னாடி மாங்கனி கண்காட்சி மைதானத்துல ராட்டினக் கூட்டத்தைப் பார்த்துக்கற வேலை. இந்த மாதிரி இடங்கள்ல சிகரெட், பீடியை எப்படித் தடுக்கறதுன்னு எங்கிட்ட கேட்டவங்க நிறையப் பேர். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துட்டேன். ஒண்ணை முன்னாடியே சொல்லிடறேன். வெறும் அபராதத்தை வெச்சு ஒரு பார்க்குல புகை நின்னதா நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல.

ஓசூர், ரெண்டு பிள்ளைங்களோட அம்மா: கொலம்பஸ்னு சொல்ற ஊஞ்சல் கப்பல்ல ஏற முக்கால் மணி நேரம் வரிசையில நின்னோம். முன்னாடி நின்னவர் அதுக்குள்ள ரெண்டு சிகரெட் குடிச்சு முடிச்சுட்டார். என் சின்னவனுக்கு வீசிங் இருக்கு. யார்கிட்ட சொல்றதுன்னே தெரியலை. சட்டம் எங்க பக்கம் இருக்குங்களா அண்ணா?

இருக்கும்மா. 2003-ல வந்த சிகரெட், புகையிலைப் பொருட்கள் சட்டம் இருக்குல்ல, கோட்பான்னு சொல்வாங்களே, அதுல 'பொது இடம்'னா எதெதுன்னு ஒரு பட்டியல் வருது. ஆஸ்பத்திரி, கோர்ட்டு, ரயில்வே காத்திருப்பு அறையோட பொழுதுபோக்கு மையத்தையும் பேர் சொல்லியே சேர்த்திருக்காங்க. வாசல்ல 60 செ.மீ.க்கு 30 செ.மீ. அளவுல 'இங்கே புகைபிடிப்பது குற்றம்'னு பலகை இருக்கணும். புகாரை யார்கிட்ட சொல்லணும்கற விவரமும் அங்கேயே எழுதியிருக்கணும். அடுத்த தடவை உள்ள போறப்பவே அந்தப் பேரை போன்ல ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்குங்க.

ராட்டினம் ஓட்டற தம்பிகிட்ட சொல்லிப் பிரயோசனம் இல்ல. அவன் லிவரை விட்டு நகரக் கூடாது, நகர்ந்தா அதைவிடப் பெரிய ஆபத்து. டிக்கெட் கவுண்டர்ல சொல்லுங்க, முடிஞ்சா ஒரு துண்டுச் சீட்டுல நேரம் போட்டு எழுதியே குடுங்க. புகார் வந்தும் நிர்வாகம் சும்மா இருந்தா, எத்தனை பேர் பிடிச்சாங்களோ அத்தனை பேருக்கான அபராதத்தை நிர்வாகமே கட்டணும்னு விதி இருக்கு. எழுத்துல வந்த புகார்னா எந்த மேனேஜரும் கொஞ்சம் வேகமாத்தான் நடப்பார்.

ஆனா நீங்க சொன்னதுல என் காதுல விழுந்தது அந்த முக்கால் மணி நேரம்தான். பழக்கம் உள்ளவன் பத்து நிமிசம் சும்மா நின்னாலே கை தன்னால பாக்கெட்டுக்குப் போகும். நாங்க ஒரு சீசன்ல வரிசையை எடுத்துட்டு நேரம் போட்ட டோக்கன் குடுத்தோம். சிகரெட்டைப் பத்தி யார்கிட்டயும் ஒரு வார்த்தை புதுசா சொல்லலை. அப்படியும் கொலம்பஸ் பக்கம் சிகரெட் துண்டு விழறது கண்ணுக்குத் தெரியற மாதிரி குறைஞ்சுது.

காவேரிப்பட்டணம், ராட்டினம் போடறவர்: எங்களது திறந்த மைதானம். திறந்தவெளிக்குச் சட்டத்துல விலக்கு இருக்குன்னு ஒரு வக்கீல் சொன்னாரே?

வக்கீல் முதல் பக்கத்தோட மூடி வெச்சுட்டார் போல. சட்டத்துல திறந்தவெளிக்கு விலக்கு இருக்கறது நிஜம். ஆனா 2008 அக்டோபர் 2-ல இருந்து நடப்புல இருக்கற விதிகள் அதை இறுக்கிடுச்சு. ஜனம் வந்து போற திறந்தவெளி அரங்கம், ஸ்டேடியம், ரயில் நிலையம், பஸ் ஸ்டாண்டு மாதிரி இடங்களெல்லாம் அந்த விலக்குல வராதுன்னு அதுல எழுதியிருக்கு. டிக்கெட் கிழிச்சு ஆளை உள்ள விடற மைதானத்தை வெறும் திறந்தவெளின்னு வாதாட முடியாதுண்ணே. அந்த விதிகள் வந்தப்ப மத்திய சுகாதார அமைச்சரா இருந்தவர் அன்புமணி. பின்னாடி 2014-ல நம்ம தர்மபுரிக்கே எம்.பி. ஆனார். அந்த ஊர் மைதானத்துலயே 'அப்படி ஒரு விதி இருக்கா'ன்னு என்னைக் கேட்டவங்க இருக்காங்க, சிரிக்கறதா அழறதான்னு தெரியலை.

சட்டத்தை விடுங்க. உங்க ஜெனரேட்டர் எங்க நிக்குது? பக்கத்துல டீசல் கேன், மேல தார்ப்பாய், கீழ காய்ஞ்ச புல்லு. ஒரு வருசம் ராட்டினத்துக்குப் பின்னாடி ஒருத்தர் காலால மிதிக்காம வீசிட்டுப் போன துண்டு பாயோட ஓரத்தைக் கருக்கிடுச்சு. கேன்ல இருந்து நாலடி தூரம். ரெண்டு வாளி மண்ணோட தப்பிச்சோம். அன்னைல இருந்து ஜெனரேட்டரைச் சுத்திக் கயிறு கட்டி ஒரு ஆளை உட்கார வெச்சேன்.

பர்கூர், செக்யூரிட்டி வேலையில இருக்கற தம்பி: அணைக்கச் சொன்னா சண்டைக்கு வர்றாங்கண்ணே. போன ஞாயித்துக்கிழமை ஒருத்தர் சட்டையப் புடிச்சுட்டார். நானே ரசீது போட்டு 200 ரூபா அபராதம் வாங்கலாமா?

வாங்காத தம்பி. அபராதம் போட அரசு அதிகாரம் குடுத்த பட்டியல் தனியா இருக்கு, எஸ்.ஐ.யும் அதுக்கு மேல இருக்கறவங்களும், சுகாதார ஆய்வாளர், இந்த மாதிரி. நீ வாங்கினா அது வசூல்னு ஆயிடும், நாளைக்கு உன் மேலயே கேஸ் திரும்பும்.

சொல்ற விதத்துலதான் இருக்கு எல்லாம். எதிர்ல போய் நிக்காத, பக்கவாட்டுல போ. அவர் பொண்டாட்டி பிள்ளை முன்னாடி, மாமனார் முன்னாடி சத்தம் போடாத. கௌரவம் போச்சுன்னு நினைச்ச அடுத்த நிமிசம் கை ஓங்குவார். "அண்ணே, கேமரால தெரியுது, எனக்குத்தான் திட்டு விழும், கேட்டுக்கு வெளிய கூட்டிட்டுப் போறேன் வாங்க"ன்னு மெதுவா சொல்லிப் பாரு. முக்கால்வாசிப் பேர் அங்கேயே அணைச்சுடுவாங்க. கையில ஒரு டப்பா எப்பவும் இருக்கட்டும், அடியில ஈர மணல். அதை நீட்டினா பேச்சே வேண்டாம், அவரே போட்டுடுவார். இன்னொண்ணு, பத்த வெச்ச பிறகு போறதைவிட, பாக்கெட்டை எடுத்து உள்ளங்கையில தட்டறப்பவே போயிடணும். பத்தாத சிகரெட்டைத் திரும்ப உள்ள வைக்கறதுல யாருக்கும் மானம் போகாது.

சட்டையப் புடிச்ச ஆளா? அது சிகரெட் பிரச்சனையே இல்ல. அப்ப ரெண்டு அடி பின்னாடி போய் வாக்கி-டாக்கில கூப்பிடு, மீதியை மேனேஜரும் போலீசும் பார்த்துக்கட்டும்.

ஒரு பார்க் மேலாளர்: உள்ளேயே ஒரு ஸ்மோக்கிங் ஏரியா ஒதுக்கிட்டா தொல்லை விட்டுதுன்னு பார்க்கறேன்.

முடியாதுங்க சார். அந்தச் சலுகை மூணு இடத்துக்குத்தான்: குறைஞ்சது 30 அறை இருக்கற ஹோட்டல், குறைஞ்சது 30 பேர் உட்கார்ற ரெஸ்டாரண்ட், விமான நிலையம். அதுவும் நாலு பக்கமும் கூரை வரைக்கும் சுவர், தானா மூடிக்கற கதவு, புகை நேரா வெளிய போற ஏற்பாடுன்னு கேட்கும். குடை நட்டு நாலு சேர் போட்டு மூலையில சாம்பல் கிண்ணம் வெச்சா அது குற்றத்துக்கு வசதி செஞ்சு குடுத்த கணக்கு. பொது இடத்துல சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் எதையும் வைக்கவே கூடாதுன்னு விதியே சொல்லுது.

அப்புறம், பலகையைத் தமிழ்ல மட்டும் வைக்காதீங்க. நம்ம கேட்டுக்கு வர்ற கூட்டத்துல பாதிப் பேர் தெலுங்கும் கன்னடமும்.

சேலம், "புகைக்கறவன்"னே கையெழுத்துப் போட்டவர்: 800 ரூபா டிக்கெட் எடுத்துட்டு எட்டு மணி நேரம் எப்படிங்க இருக்கறது? நாங்க மனுசங்க இல்லையா?

நியாயமான கேள்வி. நானும் ஒரு காலத்துல நாளைக்கு ஒரு கட்டு பீடி. கையில முத்திரை குத்தி வெளிய விட்டுத் திரும்ப உள்ள விடற ஏற்பாடு எல்லா பார்க்குலயும் இருக்கணும்னு நான் கத்திட்டே இருந்தேன். 'வெளிய போனா டிக்கெட் செல்லாது'ன்னு எழுதி வெக்கற நிர்வாகம்தான் கழிப்பறைப் புகைக்கு முதல் காரணம். அமெரிக்காவுல டிஸ்னி பூங்காக்கள் 2019 மே 1-ல இருந்து உள்ள இருந்த புகைக்கற இடங்களை எடுத்துட்டு, வாசலுக்கு வெளிய இடம் காட்டிச்சு. அங்க முடியறது இங்க முடியாதா என்ன. டிக்கெட் எடுக்கறதுக்கு முன்னாடி கவுண்டர்ல இதைக் கேளுங்க. பழக்கத்தையே விடறதா யோசனை இருந்தா 1800-11-2356-க்குக் கூப்பிடுங்க, இலவச எண்.

பெங்களூரு: வேப் புகை இல்லையே, வெறும் ஆவிதானே?

இ-சிகரெட் விக்கறதும் இருப்பு வைக்கறதும் 2019 சட்டப்படி நாடு முழுக்கத் தடை. கேட்டுல பையில பார்த்தா உள்ள விட மாட்டோம். அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள்ள வந்துட்டா கண்டுக்க மாட்டாங்கன்னு யாரோ உங்களுக்குத் தப்பாச் சொல்லியிருக்காங்க. பொது இடத்துல சாதா சிகரெட்டுக்கே உங்க ஊர்ல இப்ப 1,000 ரூபா வரைக்கும் போட்டுட்டாங்க, இங்க இன்னும் 200-லயே நிக்குது. 200 பத்தாதுங்கறது என் அபிப்பிராயமும்தான்.

பென்னாகரம்: ஒகேனக்கல் பரிசல்ல?

கரையில கூட்டம் நிக்கற இடமெல்லாம் பொது இடம்தான். மேல காப்புக்காடு, மாசி பங்குனியில சருகு எப்படி இருக்கும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா. காட்டுல தீ பிடிச்சா அது வனத்துறை கேஸ், 200 ரூபா பேச்சே அங்க இல்ல.

அரூர், பள்ளி ஆசிரியை: டூர் கூட்டிட்டுப் போன இடத்துல, கேட்டுக்கு எதிர்ப் பெட்டிக்கடையில எங்க பத்தாம் வகுப்புப் பையனுக்கு ஒத்தை சிகரெட் குடுத்திருக்காங்க.

டீச்சர், பையனை அடிக்காதீங்க, கடையைப் புடிங்க. 18 வயசுக்குக் கீழ விக்கறது கோட்பாவுல குற்றம், ஆனா அதுல அபராதம் 200 வரைக்கும்தான். சிறார் நீதிச் சட்டம் 2015-ல 77-வது பிரிவு இருக்கு பாருங்க, பிள்ளைக்குப் புகையிலை குடுத்தா ஏழு வருசம் வரைக்கும் ஜெயில், ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். நான் இந்தப் பிரிவை ஒரு அட்டையில பெரிசா எழுதி எங்க கேட்டுக்கு எதிர்ல இருந்த மூணு கடையிலயும் குடுத்தேன். ரெண்டு கடைக்காரர் அன்னைக்கே அதைக் கண்ணாடி ஜாடி மேல ஒட்டினார். மூணாவது ஆளுக்கு போலீஸ் வந்தாத்தான் புரிஞ்சுது.

கிருஷ்ணகிரி, வாட்டர் பார்க்குல பெருக்கற அக்கா (மகன் எழுதிக் குடுத்தது): தம்பி, துண்டு பொறுக்கியே இடுப்பு ஒடியுது. தண்ணியில வேற போடறாங்க.

அக்கா, தண்ணியில விழறது பம்ப் கூடையில போய் அடைக்கும். சிகரெட் நுனியில இருக்கற அந்தப் பஞ்சு பருத்தி இல்ல, ஒரு மாதிரி பிளாஸ்டிக், கரையாது. ஒருநாள் அலைக்குளத்துக் கூடையைத் திறந்தப்ப தலைமுடியோட பின்னிக்கிட்டு ஒரு கைப்பிடி வந்துது.

எந்த இடத்துல காவலுக்கு ஆள் நிறுத்தணும்னு எனக்குக் காட்டினது கேமராவே இல்ல, உங்களை மாதிரி பெருக்கறவங்கதான். ஒரு அக்கா எந்தப் பக்கம் எத்தனை துண்டுன்னு மொறத்தைக் கொட்டறப்ப விரல் விட்டுச் சொல்வாங்க, நான் நோட்டுல குறிச்சுக்குவேன். கழிப்பறைக்குப் பின் சுவரு, லாக்கர் ரூம் படிக்கட்டு, கொலம்பஸ் வரிசையோட வளைவு. இந்த மூணு இடம்தான் திரும்பத் திரும்ப வந்துது. நீங்களும் இந்த வாரம் பூரா எண்ணி, மகன்கிட்ட சொல்லி ஒரு தாள்ல இடவாரியா எழுதி, திங்கக்கிழமை காலையில கேட்டு திறக்கறதுக்கு முன்னாடி மேனேஜர் மேசையில வெச்சிடுங்க.