ஸ்டீயரிங் ஆடினால் முதலில் எங்கே கை வைப்பது?

கேள்வி: என் தந்தையின் 1965ஆம் ஆண்டு மினி கார் இப்போது என்னிடம் இருக்கிறது. ஸ்டீயரிங் சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழுமாக அசைத்தால் 'டக் டக்' என்று ஆடுகிறது. நேராகப் போகும்போது சக்கரத்தை இரண்டு விரல் அகலம் திருப்பிய பிறகுதான் வண்டி திரும்பவே தொடங்குகிறது. ஸ்டீயரிங் தண்டையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். வேறு வழி உண்டா ஐயா?

பதில்: நீங்கள் சொல்வது ஒரு கோளாறு அல்ல, இரண்டு. மேலும் கீழுமான ஆட்டம் வேறு, திருப்பும்போது வரும் ஆட்டம் வேறு. இரண்டையும் ஒன்றாக எண்ணித்தான் பல நல்ல தண்டுகள் பழைய இரும்புக்குப் போகின்றன. உங்கள் தந்தையின் கை பட்ட தண்டு அப்படிப் போக வேண்டாம்.

மேலும் கீழுமான ஆட்டத்திற்குப் பெரும்பாலும் காரணம் தண்டின் மேல்முனையில் உள்ள புஷ், அதாவது தண்டு ஆடாமல் சுழலும்படி பிடித்திருக்கும் வளையம். மினியில் அது இரும்போ பித்தளையோ அல்ல. அழுத்திய கம்பளித் துணி. அதில் இருந்த எண்ணெய் வற்றியதும் தூசியைக் குடித்து, விரலால் நசுக்கினால் உதிரும் அளவுக்கு இற்றுவிடும். புதியது சின்னஞ்சிறு பொருள்தான். மாட்டுவதற்கு முன்பு அதை கிராஃபைட் கலந்த எண்ணெயில் நன்றாக ஊறவையுங்கள். உலர்ந்தபடியே மாட்டினால் சில மாதங்களில் பழைய கதைதான். தண்டைக் கழற்றும்போதே கீழ்முனையில் உள்ள பிளாஸ்டிக் புஷ்ஷையும் மாற்றிவிடுங்கள்.

இனித் திருப்பும்போது வரும் ஆட்டம். எதையும் கழற்றுவதற்கு முன்பு இதைச் செய்யுங்கள். வண்டி தன் சக்கரங்களில் நிற்கட்டும், எஞ்சின் அணைந்திருக்கட்டும். ஒருவர் இருக்கையில் அமர்ந்து ஸ்டீயரிங்கை அந்த இரண்டு விரல் அகலத்துக்குள் மெதுவாக இடமும் வலமும் அசைக்கட்டும். நீங்கள் கால்மிதிகளுக்கு அருகே தரைவிரிப்பை விலக்கிப் பாருங்கள். தண்டின் கீழ்முனை, ரேக்கிலிருந்து (முன்சக்கரங்களை இடவலமாகத் திருப்பும் பல் சட்டம்) வரும் பினியன் தண்டின் (அந்தச் சட்டத்தை நகர்த்தும் சிறு பல்சக்கரத்தின் தண்டு) பற்களைக் கவ்விப் பிடித்திருக்கும் இணைப்பு அங்கே தெரியும். ஆள்காட்டி விரல் பாதி தண்டின் மீதும் பாதி பினியன் மீதும் படும்படி வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத அசைவு அந்த விரலுக்குத் தெரியும். தண்டு திரும்பி, பினியன் ஒரு நொடி தயங்கிப் பின்தொடர்ந்தால் கோளாறு அங்கேதான். இரண்டும் ஒன்றாகத் திரும்பினால் உங்கள் தண்டின் மீது குற்றம் இல்லை; தேடலைக் கீழே கொண்டு போங்கள். ரேக்கைத் தரைத்தகட்டோடு பிடித்திருக்கும் 'யு' போல்ட்டுகள் தளர்ந்தால் ரேக்கே பக்கவாட்டில் நகரும். நான் பார்த்த மினிகளில் பலமுறை குற்றவாளி அதுதான். அதுவும் இல்லையென்றால் டை ராடு (ரேக்கை முன்சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) முனைகள், அதன் பிறகு சக்கரத்தைத் தாங்கும் பந்து மூட்டுகள்.

கவ்வியில்தான் ஆட்டம் என்றால், அதன் போல்ட்டை இறுக்கிப் பாருங்கள். கவ்வியின் இரு காதுகளும் ஒன்றையொன்று தொட்ட பிறகும் ஆட்டம் நிற்கவில்லையா? பற்கள் தேய்ந்துவிட்டன. அப்போது மட்டும்தான் உங்கள் மெக்கானிக் சொன்னது சரி. பினியன் பக்கத்துப் பற்களையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

தண்டைக் கழற்றும்போது அந்தப் போல்ட்டைத் தளர்த்தினால் போதாது, முழுவதும் உருவ வேண்டும். அது பினியனில் வெட்டிய பள்ளத்தின் குறுக்கே போகிறது. போல்ட் இருக்கும்வரை தண்டு வராது. வராத தண்டைச் சுத்தியலால் அடித்தால் வேறொன்று உடையும்.

ஸ்டீயரிங் சக்கரத்தைக் கழற்றும் முன்பு பாட்டரி இணைப்பை எடுங்கள். முன்சக்கரங்களை நேராக நிறுத்தி, ஸ்டீயரிங் சக்கரத்துக்கும் தண்டுக்கும் சேர்த்து ஒரு கோடு போடுங்கள். நட்டைத் தளர்த்துங்கள், ஆனால் கழற்றாதீர்கள். இரண்டு மரை மீதம் இருக்கட்டும். தொழில் பழகிய காலத்தில் நட்டை முழுவதும் எடுத்துவிட்டு, இறுகிப்போன சக்கரத்தை இரு கைகளாலும் என் பக்கம் இழுத்தேன். அது திடீரென்று விட்டது. கிழிந்த மேலுதட்டில் தையல் போட்ட தழும்பு இன்னும் இருக்கிறது.

மீண்டும் மாட்டும்போது அவசரப்படாதீர்கள். தண்டை வளைத்து இழுத்துப் போல்ட்டுத் துளைக்கு நேராகக் கொண்டுவந்தால் புதிய புஷ் ஒரு பக்கமாகத் தேயும், ஸ்டீயரிங் கனக்கும். ரேக்கின் 'யு' போல்ட்டுகளைச் சற்றுத் தளர்த்தி, தண்டையும் ரேக்கையும் தாமாக ஒரே கோட்டில் அமரவிட்டு, தண்டின் மேல் பிடிப்பை முடுக்கிவிட்டு, 'யு' போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்குங்கள். அந்த நட்டுகளை எட்டுவது பெரும்பாடு. ஆனாலும் செய்யத்தான் வேண்டும். கழற்றிய பூட்டு நட்டுகளைத் திரும்பப் போடாதீர்கள், எல்லாம் புதியவை.

கேள்வி: தேய்ந்த ஸ்டீயரிங் பற்களின் மீது வெல்டிங் வைத்துவிட்டால் ஆட்டம் போய்விடும் என்கிறார்களே?

பதில்: போகும். பிறகு ஒரு நாள், எச்சரிக்கை எதுவும் இல்லாமல் தண்டே ஒடியும். வெல்டிங்கின் சூடு பட்ட இடத்தில் இரும்பின் பதம் கெட்டுவிடும், விரிசல் அங்கிருந்து கிளம்பும். பிரேக் போனால் கை பிரேக்காவது இருக்கிறது. ஸ்டீயரிங் போனால் எதுவும் இல்லை. இந்த வேலையை எத்தனையோ பேர் கேட்டும் நான் செய்ததில்லை.

கேள்வி: 1969ஆம் ஆண்டு அமெரிக்க கார் ஒன்றின் ஸ்டீயரிங் தண்டைக் கழற்றப் போகிறேன். கவனிக்க வேண்டியது என்ன?

பதில்: சுத்தியலை அந்தப் பக்கமே கொண்டு போகாதீர்கள். பழைய தண்டுகள் ஒரே நீள இரும்பு; முன்பக்கம் மோதினால் ஈட்டியாக ஓட்டுநரின் மார்புக்கு வரும். அதனால்தான் ஜெனரல் மோட்டார்ஸ் 1967 மாடல் கார்களில் அமுங்கும் தண்டைக் கொண்டுவந்தது; 1968 ஜனவரி முதல் அமெரிக்கச் சட்டமும் மோதலில் ஓட்டுநரைக் காக்கும் ஸ்டீயரிங்கைக் கேட்கத் தொடங்கியது. உங்கள் வண்டியின் தண்டு ஒன்றுக்குள் ஒன்றாக நுழையும் இரு துண்டுகளாக இருக்கும். அவற்றைப் பிடித்து வைத்திருப்பது சிறிய பிளாஸ்டிக் ஆணிகள்தான். மோதலில் முறிய வேண்டியவை அவை, நீங்கள் முனையில் தட்டினாலும் முறியும். அதன் மீது சாயவும் வேண்டாம், கீழே போடவும் வேண்டாம். ஸ்டீயரிங் சக்கரத்தை எடுக்கப் புல்லர் (திருகி இழுத்தெடுக்கும் கருவி) மட்டுமே. கழற்றிய பிறகு மொத்த நீளத்தை அளந்து, அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள். குறைந்திருந்தால் இழுத்து நீட்டி மாட்டாதீர்கள். ஆணிகள் முறிந்துவிட்டன என்று பொருள்.