முன்தோல் நீக்கத்துக்குச் செலவிடுவது எச்.ஐ.வி. தடுப்பில் கட்டுபடியாகுமா?

கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவில் நிச்சயம் கட்டுபடியாகும். தொற்று பரவலாக இருந்து, முன்தோல் நீக்கம் அரிதாக உள்ள ஊரில்தான் இந்தக் கணக்கு தேறும். தென்னாப்பிரிக்காவின் ஆரஞ்சு ஃபார்ம், கென்யாவின் கிசுமு, உகாண்டாவின் ரகாய் ஆகிய இடங்களில் நடந்த ஆய்வுகளில் பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றுவது சுமார் 60% குறைந்தது. 15–49 வயது ஆண்களில் 80% பேருக்குச் செய்ய 200 கோடி டாலர் ஆகும், 2025க்குள் சுமார் 34 லட்சம் தொற்றுகள் தவிரும் என்றது 2011 மதிப்பீடு. தவிர்க்கப்படும் தொற்று ஒன்றுக்கு ஏறத்தாழ 600 டாலர்; ஆயுள் முழுக்க மாத்திரை கொடுப்பதைவிட மலிவு.

பணம் வீணாவது எங்கே? பள்ளி விடுமுறையில் கூட்டம் நெரியும், மற்ற மாதங்களில் மருத்துவக் குழு ஆளில்லாமல் காத்திருக்கும். தலைக்குச் செலவு ஏறிவிடும். சிறுவர்களே அதிகம் வந்தால் பலன் தள்ளிப்போகும், இருபதுகளில் இருப்பவர்களை அழைத்துவர வேண்டும். புண் ஆற ஆறு வாரம். அதற்குள் உடலுறவு கொண்டால் ஆபத்துதான். ஆணுறையும் கைவிடக் கூடாது.