ஆறுமணிக் குருவி – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சி,

போன மாதம், தை முதல் ஞாயிற்றுக்கிழமை, நானும் நண்பர்கள் இரண்டு பேரும் முண்டந்துறைக்குப் பறவை பார்க்கப் போனோம். பாபநாசம் செக்போஸ்ட்டைத் தாண்டும்போது மணி எட்டரை. காரையார் வரை போய், சொரிமுத்தையனார் கோயில் ஆற்றங்கரையில் மதியம் வரை சுற்றினோம். நோட்டில் ஏறியது பதினோரு பறவைதான். அதில் ஐந்து எங்கள் தெருவிலேயே இருப்பவை. கூந்தன்குளத்தில் ஒரே காலையில் நாற்பது எழுதியிருக்கிறேன். என் பைனாகுலர் 8x42, அதாவது எட்டு மடங்கு பெரிதாக்குவது. அடுத்து 12 மடங்கு வாங்கலாமா?

இன்னொரு விஷயம். திரும்பும்போது ஒரு புதருக்குள்ளிருந்து ஆறுமணிக் குருவியின் குரல் கேட்டது. நண்பர் மொபைலில் அதே குரலைப் போட்டார். குருவி வெளியே வந்து, இங்கும் அங்கும் தேடிவிட்டுப் போனது. நல்ல படம் கிடைத்தது. ஆனால் வீடு வந்து சேரும் வரை எனக்கு மனசு சரியில்லை. அது தப்பா?

உங்கள் வாசகன்,
பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பி,

பைனாகுலர் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். வேறு வாங்க வேண்டாம். 12 மடங்கில் கை நடுக்கமும் பெரிதாகத் தெரியும், பார்வைப் பரப்பும் சுருங்கும். மர நிழலில் 8x42 கொடுக்கும் வெளிச்சம் அதில் கிடைக்காது.

கூந்தன்குளம் கணக்கைக் காட்டுக்குக் கொண்டு வராதீர்கள். அது திறந்த குளம். கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் ஊருக்குள்ளேயே, வீட்டு மரங்களில் கூடு கட்டுகிற இடம். கரையில் நின்று கண்ணைச் சுழற்றினால் போதும். முண்டந்துறையில் ஒரு பறவைக்கும் உங்களுக்கும் நடுவில் ஆயிரம் இலை. எட்டரை மணிக்கு வெயில் ஏறிய பிறகு போய், மூன்று பேரும் பேசிக்கொண்டே நடந்தால் பதினொன்று கிடைத்ததே நல்ல கணக்குதான்.

காட்டுப் பறவைகள் பல, கூட்டுச் சேர்ந்து இரை தேடும். துடுப்புவால் கரிச்சான், மின்சிட்டு, மரங்கொத்தி, சிலம்பன், ஈப்பிடிப்பான் எல்லாம் ஒரே கூட்டமாக மரத்துக்கு மரம் நகர்ந்து போகும். ஒன்று கிளையைக் கிளறும்போது பறக்கிற பூச்சியை இன்னொன்று பிடிக்கும். வல்லூறு வந்தால் முதலில் பார்த்த பறவை கத்திவிடும், மற்றதெல்லாம் பதுங்கிக்கொள்ளும். அதனால் காட்டின் ஒரு மூலையில் முப்பது பறவை இருக்கும், மற்ற மூலைகள் வெறிச்சோடிக் கிடக்கும். நடந்துகொண்டே இருப்பவர் பெரும்பாலும் வெறும் மூலைகளைத்தான் கடக்கிறார். அடுத்த முறை பழம் பிடித்திருக்கிற ஓர் ஆலமரத்தையோ அத்தியையோ கண்டுபிடித்து, கொஞ்சம் தள்ளி, இரண்டு மணி நேரம் அசையாமல் உட்காருங்கள். முதல் அரைமணி ஒன்றும் வராது. எழுந்துவிடாதீர்கள்.

அங்கே உங்களுக்கு உதவப்போவது காதுதான். களக்காடு மலையில், செங்கல்தேரியில் ஒருமுறை அப்படி உட்கார்ந்திருந்தேன். தலைக்கு மேல் யாரோ பெரிய கோரைப்பாயை வேகமாக உதறுகிற மாதிரி சத்தம். நெருங்க நெருங்க ரயில் இன்ஜின் மூச்சு விடுவதுபோல ஆனது. பெரிய இருவாச்சி. அதன் சிறகின் அடியில், பெரிய இறகுகளின் காம்பை மூடும் சின்ன இறகுகள் கிடையாது. இடைவெளி வழியே காற்று பாய்வதால்தான் அந்தச் சத்தம். நான் நிமிர்ந்து பார்ப்பதற்குள் மேலே கிளை ஆடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பறவையின் வால் நுனியைக்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு என் நோட்டில் முதலாவதாக அதைத்தான் எழுதினேன். காதால் கேட்டு உறுதியானதை நீங்களும் எழுதலாம்; பக்கத்தில் ‘கேட்டது’ என்று குறித்தால் போதும்.

நம் ஊர்க்காரர்கள் பைனாகுலர் இல்லாமல் பறவைக்குப் பேர் வைத்தவர்கள். பேரைக் கவனித்துப் பாருங்கள்: குக்குறுவான், அக்காக்குருவி, ஆள் வந்தால் கத்திக் காட்டிக்கொடுக்கிற ஆட்காட்டி. எல்லாம் காது வைத்த பேர். உங்கள் ஆறுமணிக் குருவியும் அப்படித்தான். இந்தியில் அதற்கு நவ்ரங், ஒன்பது நிறம் என்று பேர். அத்தனை நிறத்தையும் விட்டுவிட்டு, அது காலையும் மாலையும் கூப்பிடுகிற நேரத்தை நம் ஆட்கள் பேராக வைத்தார்கள். இலைச் சருகுக்குள் குனிந்தே திரிகிற பறவையின் நிறத்தை யார் பார்த்தார்கள்? குரலைத்தான் தினமும் கேட்டார்கள்.

அந்தக் குருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். அது நம்மூர்க் குருவி இல்லை. இமய மலையடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு இங்கேயும் இலங்கைக்கும் வரும். ராத்திரியில் பறக்கும். வந்து சேரும்போது களைத்து, சில சமயம் வீட்டுக்குள்ளேயே விழுந்துவிடும்.

அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டுப் புறவாசலில், ஓர் ஐப்பசிக் காலையில், வாழை மூட்டில் ஒன்று உட்கார்ந்திருந்தது. அம்மா பெருக்கிக்கொண்டே பக்கத்தில் போன பிறகும் நகரவில்லை. பூனை பயத்தில் எடுத்துக் கையில் வைத்தேன். உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. கண்ணை மறைக்கிற கறுப்புப் பட்டை, வெள்ளைத் தொண்டை, பச்சை முதுகு, தோளில் ஒரு துண்டு பளபளக்கும் நீலம், வாலுக்கு அடியில் குங்குமச் சிவப்பு. வால் என்று சொல்ல ஒரு விரற்கடை இருந்தால் அதிகம். அந்த வாலை வைத்துக்கொண்டா இவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்கத் தோன்றியது. என் விரலுக்கு அதன் நெஞ்சுத் துடிப்பு எண்ண முடியாத வேகத்தில் தட்டியது. ஓலைப்பெட்டியில் வைத்து, துணி மூடி, இருட்டான மூலையில் விட்டோம். சாயங்காலம் திறந்ததும் தத்தித் தத்திச் சருகுக்குள் போய்விட்டது.

மறுநாள் சாயங்காலம் கொடுக்காப்புளிப் பக்கமிருந்து இரண்டு சுரத்தில் ஒரு விசில், அப்புறம் இன்னொன்று. அம்மா, “மணி ஆறாயிட்டு, விளக்கு ஏத்தணும்” என்று எழுந்துபோனாள். கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. தப்புதான், தம்பி. அந்தக் குருவி குளிர்காலத்திலும் தனக்கென்று ஒரு துண்டு நிலத்தை வைத்துக்கொண்டு அதில் புழு பொறுக்குகிறது. மொபைல் குரலைக் கேட்டதும் இன்னொன்று உள்ளே புகுந்துவிட்டதென்று இரையை விட்டுவிட்டு விரட்ட வருகிறது. வந்தால் அங்கே யாரும் இல்லை. ‘இங்கும் அங்கும் தேடிவிட்டுப் போனது’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது தேடியதைப் பார்த்ததால்தான் உங்களுக்கு உறுத்தியது. ஒரு நாள், ஒரு மொபைல் என்றால் அது தாங்கிக்கொள்ளும். ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் அதே புதர் முன்னால் யாராவது வந்து நின்றால் அது எப்போது சாப்பிடும்? கூடு கட்டும் பறவையிடம் செய்தால் இன்னும் மோசம், முட்டையை விட்டு எழுந்து வந்துவிடும். இதை நண்பரிடம் கோபப்படாமல் சொல்லுங்கள். படம் அழகாக வந்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அடுத்த படத்தைக் காத்திருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

கீழே வறண்ட காட்டிலேயே காது பழகிவிட்டால், பிறகு அனுமதி வாங்கி மேலே கக்காச்சிப் பக்கம் போகலாம். அங்கே பசுமை மாறாக் காடு, வேறு குரல்கள். அச்சன்கோவில் கணவாய்க்குத் தெற்கே மட்டும் வாழ்கிற, சிரிப்பான் என்ற ஒரு பறவை இந்த மலைகளில் இருக்கிறது. அதன் பேரும் காது வைத்ததுதான்.

ஆறுமணிக் குருவி சித்திரைக்குள் பெரும்பாலும் வடக்கே கிளம்பிவிடும். அதன் குரலைக் கேட்க முண்டந்துறை வரை போக வேண்டியதில்லை. பாளையங்கோட்டையிலேயே சருகு அள்ளாத பழைய தோட்டம் ஏதாவது இருக்கும். இந்த வாரம் சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு அங்கே போய் நில்லுங்கள். பைனாகுலர் வேண்டாம். கேட்டால், மணி எத்தனை என்று குறித்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணாச்சி