ரேணிகுண்டா – சேலம்: வான்தூரம், பயண நேரம் கேள்வி பதில்

புத்தூர் வாசகர்: சார், ரேணிகுண்டா (திருப்பதி) ஏர்போர்ட்டுக்கும் சேலம் ஏர்போர்ட்டுக்கும் நேர்கோட்டில் எத்தனை கி.மீ.?

260 கி.மீ., அதாவது 140 நாட்டிக்கல் மைல். கையாலேயே போட்டுப் பார்க்கலாம். ரேணிகுண்டா 13.63 வடக்கு, 79.54 கிழக்கு. சேலம் நிலையம் ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கிறது: 11.78, 78.07. அட்சரேகை வித்தியாசம் 1.85, அதை 110.6ஆல் பெருக்கினால் 205. தீர்க்கரேகை வித்தியாசம் 1.47, அதை 111.3ஆலும், நடு அட்சரேகையின் கொசைன் 0.976ஆலும் பெருக்கினால் 160. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். இந்தச் சின்னத் தூரத்துக்குப் பூமியின் வளைவெல்லாம் கணக்கிலேயே வராது.

நகரி வாசகர்: சேலத்துக்கு 11.47, 78.04 என்று போட்டேன். 289 வருகிறதே?

வரைபடத்தில் 11 டிகிரி 47 நிமிடம் என்று இருந்ததை அப்படியே புள்ளி வைத்து எழுதிவிட்டீர்கள். நிமிடத்தை 60ஆல் வகுக்க வேண்டும்: 47/60 = 0.78. இரண்டு ஊருக்கும் இதே தப்பைச் செய்திருந்தால் 253 வந்திருக்கும். பார்க்கச் சரி போலவே இருக்கும், அதுதான் ஆபத்து.

சித்தூர் வாசகர்: ஏடிஆர் என்ற சின்ன விசிறி விமானம் மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் போகுமாம். அப்படியானால் அரை மணியில் சேலம்தானே?

அந்த வேகம் மேலே சமமாகப் பறக்கும்போது மட்டும்தான். 260 கி.மீ.யில் ஏறுவதும் இறங்குவதுமே பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும்; இரண்டிலும் வேகம் குறைவு. இறங்கும் ரன்வே எதிர்ப்பக்கம் அமைந்தால் ஒரு சுற்று கூடும். அதனால் காற்றில் சுமார் 40 நிமிடம். ரன்வேக்கு உருண்டு போவது, வந்து நிற்பது எல்லாம் சேர்த்தால் 55 நிமிடம். அட்டவணையில் ஒரு மணி போட்டால்தான் நேரம் தவறாது. தூரம் பாதியானாலும் இந்த உபரி நேரம் குறையாது. வேகத்தால் வகுப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

திருத்தணி வாசகர்: போகவும் வரவும் ஒரே நேரம்தானா?

இல்லை. சேலம் தென்மேற்கே இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேல்காற்று மேற்கிலிருந்து அடிக்கும். பாதை நெடுக எதிர்க்காற்று 20 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு நாட்டிக்கல் மைல்) என்றால் ஏடிஆரின் 275 நாட் வேகம் 255 ஆகிவிடும், திரும்பும்போது 295. வித்தியாசம் ஐந்து நிமிடத்துக்குள்தான். அதைவிட விடியற்காலை மூடுபனிக்குப் பயப்படுங்கள், அது மணிக்கணக்கில் இழுக்கும்.

புத்தூர் வாசகர்: நேரடி விமானம் இல்லாவிட்டால் ஹைதராபாத் மாறிப் போகலாமா?

போகலாம், ஆனால் வேண்டாம். ரேணிகுண்டா–ஹைதராபாத் 417, அங்கிருந்து சேலம் 605. மொத்தம் 1,022 கி.மீ., நேர்த்தூரத்தைப் போல நான்கு மடங்கு. பெங்களூரு வழி 366தான். ஆனாலும் மாறும் இடத்தில் காத்திருப்பு இரண்டு மணியைத் தாண்டினால் ரயிலே மேல். திருப்பதியிலிருந்து காட்பாடி, ஜோலார்பேட்டை வழியாகச் சேலத்துக்கே ரயில் இருக்கிறது.

நகரி வாசகர்: வீட்டிலிருந்து வீடு வரை எவ்வளவு பிடிக்கும்?

நகரியிலிருந்து ரேணிகுண்டாவுக்கு ஒரு மணி. செக்-இன் கவுன்டரைப் பொதுவாகப் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடுவார்கள், ஆகவே ஒன்றரை மணி முன்னதாகப் போய்விடுங்கள். விமானம் ஒரு மணி, பெட்டி எடுக்க 20 நிமிடம், காமலாபுரத்திலிருந்து சேலம் டவுனுக்கு 40 நிமிடம். நாலரை மணி. பெட்டியைக் கையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஏடிஆரில் தலைக்கு மேலுள்ள தட்டு சிறியது, கொஞ்சம் பெரிய பெட்டியானால் படிக்கட்டிலேயே வாங்கிச் சரக்கறையில் வைத்துவிடுவார்கள்.