மூலைத் தொட்டியில் சிக்கல் பின்மூலையில்தான்

கேள்வி: கூடத்து மூலையில், முன்பக்கம் வளைந்த மீன்தொட்டி வைக்க ஆசை. பக்கம் 60 செ.மீ., உயரம் 50 செ.மீ. சரியாக வருமா?

பதில்: தாராளமாக. கால்வட்ட வடிவில் இந்த அளவுக்கு ஏறக்குறைய 140 லிட்டர் பிடிக்கும். கண்ணாடி, மணல், கல்லெல்லாம் சேர்ந்தால் எடை 200 கிலோவைத் தொட்டுவிடும். சாதாரண மேசை தாங்காது. உயரம் இதற்கு மேல் வேண்டாம், அடிமூலைக்குக் கை எட்டாது. சுவர்கள் அச்சாக 90 டிகிரியில் சேர்வது அபூர்வம். அதனால் இரண்டு பக்கமும் 5 செ.மீ. இடைவெளி விடுங்கள், ஒயரும் குழாயும் அதிலேயே போய்விடும். ரசமட்டம் பார்த்த பிறகே தண்ணீர் ஊற்றுங்கள்.

வளைந்த கண்ணாடியில் மீனின் உருவம் இழுபட்டுத் தெரியும், தட்டையான காந்தத் துடைப்பானும் சரியாகப் படியாது. இது உறுத்தும் என்றால் முன்பக்கம் தட்டைக் கண்ணாடிகளால் ஆன ஐந்து பக்கத் தொட்டியே மேல்.

கேள்வி: எங்கள் மூலைத் தொட்டியில் (140 லிட்டர்) கல்லும் மரவேரும் மூலையில் குவித்திருக்கிறோம். பின்னால் எப்போதும் கசடு. ஏன்?

பதில்: நீரோட்டம் அங்கே போவதே இல்லை. மணிக்கு 700 முதல் 800 லிட்டர் தள்ளும் ஃபில்டர் போதும். அதை வைக்கும் இடம்தான் முக்கியம். உறிஞ்சு குழாயைப் பின்மூலையில் வையுங்கள். வெளிவிடும் வாயை ஒரு பக்கச் சுவரின் முன்நுனியில் பொருத்தி, வளைவை ஒட்டி நீர் ஓடும்படி திருப்புங்கள். நீர் சுற்றிவந்து கசடை மூலையில் இருக்கும் உறிஞ்சு குழாய்க்கே கொண்டுசேர்க்கும்.

குவியலைக் கலைத்து அடுக்குங்கள். வேருக்குப் பின்னால் ஒரு கை நுழையும் இடம் வேண்டும், இல்லாவிட்டால் கசடை உறிஞ்சி எடுக்கும் சைஃபன் குழாய் போகாது. கனமான கல்லை மணல்மேல் வைக்காதீர்கள். மீன் தோண்டினால் சரிந்து கண்ணாடியைத் தாக்கும். அடியில் மெல்லிய ஃபோம் ஷீட், அதன்மேல் கல், பிறகு மணல். முன்னால் 4 செ.மீ., மூலையில் 12 செ.மீ. சரிவு கொடுத்தால் ஆழம் தெரியும். ஆனால் 12 செ.மீ.யும் நைஸ் மணலாக இருந்தால் அடியில் ஆக்சிஜன் இல்லாமல் அழுகும். வலைப்பையில் எரிமலைக் கல் துண்டுகளைக் கட்டி அடியில் போட்டு, மேலே மட்டும் மணல் பரப்புங்கள்.

அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் செடிகளை மரவேரின் மேல் நூலால் கட்டுங்கள். அவற்றின் தண்டுக்கிழங்கை (இலையும் வேரும் கிளம்பும் தடித்த தண்டை) மணலில் புதைத்தால் அழுகிவிடும். நீண்ட இலை கொண்ட வாலிஸ்நேரியா செடி பின்னால் நின்று குழாயை மறைக்கும்; இலை சிக்காமலிருக்க உறிஞ்சு வாயில் ஸ்பாஞ்ச் மாட்டுங்கள்.

கேள்வி: புதுத் தொட்டியில் மீன் எப்போது விடலாம்?

பதில்: அம்மோனியா சேர்த்து ஃபில்டரைப் பழக்கி (அதாவது கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாவை அதில் வளரவிட்டு), சேர்த்த அம்மோனியாவும் அதிலிருந்து உண்டாகும் நைட்ரைட்டும் 24 மணி நேரத்தில் பூஜ்யத்துக்கு இறங்கிய பிறகு. பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை விளக்கு தினமும் 6 மணி நேரம் போதும், கூட்டினால் பாசிதான் வளரும்.