கிளாரினெட் கேள்வி-பதில்: கீழ்ச்சுரம், நடுச்சுரம், மேல்சுரம்

கே: நாதஸ்வரம் பழகியவன் நான். கிளாரினெட்டில் கீழ் சட்ஜத்தைப் பிடித்தபடி கட்டைவிரல் கீயை அழுத்தினால் மேல் சட்ஜம் வராமல் பஞ்சமம் கேட்கிறது. கருவி பழுதா? (தங்கச்சிமடம்)

ப: பழுதில்லை, அது கிளாரினெட்டின் பிறவிக்குணம். நாதஸ்வரம் போகப்போக விரியும் கூம்புக் குழல். அங்கே அதிர்வெண் இரட்டிப்பாகி மேல் சட்ஜம் பேசும். கிளாரினெட்டின் உள்துளை பெரும்பாலும் ஒரே அகலம். ரீடு (அதிரும் நாணல் தகடு) இருக்கும் முனை மூடியதுபோல் இயங்கும். அதனால் அதிர்வெண் மூன்று மடங்காகி, ஒரு ஸ்தாயியையும் தாண்டிப் பஞ்சமத்தில் போய் நிற்கிறது. கிளாரினெட் வித்வான் ஏ.கே.சி. நடராஜனும் நாதஸ்வரத்திலிருந்து வந்தவர்தான். இங்கே ஸ்தாயிக்கு ஸ்தாயி விரல் கணக்கு வேறு என்று மனத்தில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

கே: நடுவில் சில சுரங்கள் பஞ்சடைத்ததுபோல் ஒலிக்கின்றன. அங்கிருந்து மேலே ஏறும்போதும் தடுக்குகிறது. (கீழக்கரை)

ப: எல்லாரும் தடுமாறும் இடம் அது, விரிவாகவே சொல்கிறேன். எழுத்துச்சுரத்தில் (மேற்கத்திய இசைக்குறிப்பில் எழுதும் பெயரில்) ஜி முதல் பி ஃபிளாட் வரையுள்ள இந்தத் தொண்டைச் சுரங்களுக்குத் துளைகள் அநேகமாகத் திறந்தே இருக்கும்; குழலின் மேல்முனை மட்டுமே பேசும். போதாக்குறைக்கு, பி ஃபிளாட்டுக்கான திறப்பும் மேல்பகுதிக்குத் தாவவைக்கும் திறப்பும் ஒன்றே. ஒரு துளைக்கு இரண்டு வேலை, இரண்டிலும் குறை. அடுத்த பி-க்கோ எல்லா விரல்களும் ஒரே கணத்தில் மூடவேண்டும். ஆகவே ஏ, பி ஃபிளாட் ஊதும்போதே வலக்கை விரல்களை மூடிவையுங்கள். ஒலியும் திரளும், ஏறுவதும் எளிதாகும். பிறகு கீழ் ஈ-யை நீளமாக ஊதி, இடக்கைக் கட்டைவிரலைத் துளையிலிருந்து எடுக்காமல் நுனியை மட்டும் சாய்த்துக் கீயைத் தொடுங்கள். மூச்சு மாறாமல் பி வந்தால் விரல்கள் சரி. கீச்சிட்டால் முதலில் வலக்கை மோதிரவிரலைப் பாருங்கள்.

கே: திருவிழாப் பவனியில் எந்தப் பகுதியில் வாசிப்பது? (பாம்பன்)

ப: கடற்காற்றிலும் டிரம் சத்தத்திலும் மேல்பகுதியான கிளாரியன்தான் எடுபடும், ஷாலுமோ எனும் கீழ்ப்பகுதி வெட்டவெளியில் கரைந்துவிடும். ஆனால் கோவிலுக்குள் வந்த பின்பும் உச்சத்திலேயே கூவுவது எனக்கு ஒப்பவில்லை. நான்கு சுவருக்குள் நீலாம்பரியை ஷாலுமோவில் மெல்லத் தொடங்கிப் பாருங்கள். அந்த அடர்ந்த நாதம் வேறெந்தக் குழலுக்கும் வாய்க்காது.

கே: உச்சச் சுரங்கள் கீச்சிடுகின்றன. (மண்டபம்)

ப: ரீடைக் கடிக்காதீர்கள். கிளாரியனுக்கும் மேலான உச்சப்பகுதியாகிய அல்டிசிமோவுக்குப் பெரும்பாலும் இடக்கை ஆள்காட்டி விரலைத் திறந்து, நாக்கின் பின்பகுதியை உயர்த்தி, காற்றை வேகமாக விடவேண்டும். மிக மென்மையான ரீடு தாங்காது.

கே: மழைக்காலம் வந்தால் கீழ்ச்சுரங்கள் பேச மறுக்கின்றன. (தொண்டி)

ப: பேட் (கீயின் அடியில் துளையை மூடும் மெத்தை) கசிகிறதா என்று பாருங்கள். கீழே போகப்போக மூடவேண்டிய துளைகள் கூடுவதால் சிறு கசிவும் அங்கே தெரிந்துவிடும். மேல்துண்டைக் கழற்றி, துளைகளை விரல்களால் மூடி, அடிமுனையை உள்ளங்கையால் அடைத்து, மறுமுனையில் காற்றை உறிஞ்சுங்கள். பிடிப்பு உடனே விட்டுப்போனால் பேட் மாற்றவேண்டும். உப்புக்காற்று எஃகு ஸ்பிரிங்கையும் அரிக்கும். வாசித்ததும் ஈரம் துடைத்துப் பெட்டியில் வையுங்கள்.