பாட்டில் நிற்கிறதா, கிடக்கிறதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நாங்கள் நால்வரும் பொறியியல் இறுதியாண்டு மாணவர்கள். ஜெர்மனிக்குப் பணிக்குச் செல்லவிருக்கும் செவிலியர்களுக்காக, ஜெர்மன் மொழி கற்பிக்கும் மெய்நிகர் (VR) செயலி ஒன்றை வடிவமைத்து வருகிறோம்; கண்களை மூடி மாட்டும் ஹெட்செட்டில் அது இயங்கும். பெர்லின் தெரு ஒன்றை அப்படியே உருவாக்கி, ஒவ்வொரு பொருளின் மேலும் அதன் ஜெர்மன் பெயரை மிதக்கவிட்டிருக்கிறோம். பார்ப்பவர்கள் வியக்கிறார்கள், ஆனால் ஒரு வாரம் கழித்துக் கேட்டால் ஐந்து சொற்கள்கூட நினைவில் இருப்பதில்லை. எங்கே தவறுகிறோம்?
– மாணவர்கள், கோயம்புத்தூர்

பதில்: தெருவை உருவாக்க நீங்கள் பட்ட பாட்டைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆயினும், பெயர் ஒட்டிய பொருள்கள் நிறைந்த தெரு என்பது சொற்பட்டியலைச் சுற்றிலும் விரித்துப் போட்டதுதான். சொற்பட்டியலைப் படிக்கக் கைப்பேசியே போதும். அரைக் கிலோ எடையுள்ள ஹெட்செட்டை ஒருவர் தலையில் மாட்டிக்கொள்ள வேண்டுமானால், கைப்பேசியால் இயலாத ஒன்றை அது செய்ய வேண்டும்.

அப்படி ஒன்று உண்டு. கற்பவரின் தலை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, அவர் கை எதைப் பற்றியிருக்கிறது, எடுத்த பொருளை எங்கே, எந்தக் கோணத்தில் வைத்தார் என்பதெல்லாம் அந்தக் கருவிக்குக் கணந்தோறும் தெரியும். ஜெர்மனில் நம்மவர்கள் இடறி விழும் இடங்களில் சில, இந்த விவரங்களையே சார்ந்திருக்கின்றன.

ஒரு பாட்டிலை மேசைமேல் வைப்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அன்றாடத் தமிழில் நிமிர்த்தி வைத்தாலும் சாய்த்து வைத்தாலும் 'வைத்தேன்' என்று சொல்லிவிடுகிறோம். ஜெர்மனில் நிமிர்த்தி வைத்தால் வினைச்சொல் 'ஷ்டெலன்'. கிடத்தி வைத்தால் 'லேகன்'. வைத்து முடித்த பிறகு பாட்டில் இருக்கும் நிலையைச் சொல்ல வினை மீண்டும் மாறி, நின்றால் 'ஷ்டேஹன்' என்றும் கிடந்தால் 'லீகன்' என்றும் ஆகிறது. அதோடு முடியவில்லை. மேசையை நோக்கிப் பொருள் செல்லும்போது 'அவ்ஃப் டேன் டிஷ்'. மேசைமேல் பொருள் இருக்கும்போது 'அவ்ஃப் டேம் டிஷ்'. தமிழில் இரண்டிற்கும் 'மேசைமேல்' என்ற ஒரே சொல் போதும் என்பதால், இந்த டேன்–டேம் வேறுபாட்டை விதியாகப் படித்துத் தேர்வெழுதியவர்களும் பேசும்போது கோட்டைவிடுகிறார்கள்.

உங்கள் செயலியில் கற்பவர் பாட்டிலைக் கையில் எடுத்து, தாம் செய்வதைச் சொல்லிக்கொண்டே வைக்கட்டும். பாட்டிலின் கோணம் செயலிக்குத் தெரியும். அது இன்னும் கையில் இருக்கிறதா, மேசைக்கு வந்துவிட்டதா என்பதும் தெரியும். ஆகவே அந்தக் கணத்தில் சரியான வாக்கியம் எது என்பதைச் செயலி ஊகிக்க வேண்டியதில்லை. கிடத்திய பாட்டிலை 'ஷ்டேட்', அதாவது 'நிற்கிறது' என்று கற்பவர் சொன்னால், அவர் கண்முன்னே பாட்டில் எழுந்து நிற்கட்டும். விளக்கம் எழுதிக் காட்டுவதைவிட அது நன்றாக உறைக்கும்.

'ஹின்', 'ஹேர்' என்ற திசைச் சொற்களும் இத்தகையவையே. அறைக்குள் இருப்பவர் வெளியில் நிற்பவரை அழைத்தால் 'ஹெரைன்'. வெளியில் நிற்பவர் இன்னொருவரை உள்ளே அனுப்பினால் 'ஹினைன்'. பேச்சுவழக்கில் இரண்டும் 'ரைன்' என்று சுருங்கிவிடும் என்பதை ஒரு கட்டத்தில் அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். ஆனால் வாசலின் எந்தப் பக்கம் தாம் நிற்கிறோம் என்பதை உடம்பாலேயே உணர்ந்து கற்க, இதைவிடப் பொருத்தமான கருவி எனக்குத் தெரியவில்லை. மரியாதைப் பன்மையான 'ஸீ'க்கும் 'டூ'வுக்கும் உள்ள வேறுபாட்டில் நேரத்தைச் செலவிட வேண்டாம். நீங்கள், நீ என்று பேசி வளர்ந்தவர்களுக்கு அது பாதி தெரிந்த பாடம்.

உச்சரிப்பைத் திருத்துவதில் எச்சரிக்கை தேவை. 2022இல் வெளிவந்த விஸ்பர் போன்ற பேச்சறி நிரல்கள், பேசியவர் என்ன சொல்ல வந்தார் என்பதைச் சூழலிலிருந்து ஊகித்து எழுதுபவை. அதனால் கற்பவரின் பிழையை அவை தாமாகவே திருத்திவிடும். அவரும் சரியாகப் பேசிவிட்டதாக நம்பிக்கொள்வார். ஊகத்திற்கு இடம் தராத சூழலை நீங்கள்தான் அமைக்க வேண்டும். 'டாஸெ' என்றால் கோப்பை. 'டாஷெ' என்றால் பை. இரண்டையும் நோயாளியின் கட்டிலருகே வையுங்கள். கற்பவர் ஒன்றைக் கேட்கட்டும். உடன் பணிபுரிபவராகச் செயலியில் வரும் கதாபாத்திரம் தன் காதில் விழுந்ததை எடுத்துத் தரட்டும். பை கேட்டவர் கைக்குக் கோப்பை வந்தால், ஸகரத்தையும் ஷகரத்தையும் மறுமுறை அவரே பிரித்து ஒலிப்பார்.

உரையாடலில் மனிதர்கள் ஒருவர் முடித்து ஏறக்குறைய 200 மில்லிநொடியில் மற்றவர் தொடங்கிவிடுகிறார்கள். பேச்சை எழுத்தாக்கி, பதிலை உருவாக்கி, மீண்டும் குரலாக்கும் நிரலுக்கு ஒரு நொடிக்கு மேலும் ஆகலாம். அந்த இடைவெளியில் கதாபாத்திரம் சிலைபோல் நின்றால், தாம் தவறாகச் சொல்லிவிட்டோமோ என்று கற்பவர் தடுமாறுவார். எனவே கதாபாத்திரத்திற்கு ஒரு வேலை கொடுங்கள்: போர்வையை மடிக்கட்டும், குறிப்பேட்டைப் புரட்டட்டும்.

தெருவைக் கைவிட்டு மருத்துவமனை அறை ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதே என் பரிந்துரை. செவிலியராக அங்கீகாரம் பெறப் பொதுவாக ஜெர்மன் மொழித்திறனில் பி2 நிலை, அதாவது ஆறு படிகளில் நான்காவது, கேட்கப்படுகிறது. அந்த நிலைக்கான இலக்கணத்தில் பெரும்பகுதியை ஒரு கட்டிலையும் மேசையையும் கதவையும் சுற்றியே அமைத்துவிடலாம்.

கேள்வி: இத்தகைய செயலி ஒன்றைப் பத்து நிமிடம் பயன்படுத்தியதும் எனக்குத் தலை சுற்றுகிறது. எழுத்துகளும் மங்கலாகத் தெரிகின்றன. என் கண்ணில்தான் குறையா?
– செவிலியர், திருச்சி

பதில்: கண்ணில் குறை இருந்தாலும் மங்கலாகத் தெரியும், ஹெட்செட் இல்லாதபோதும் அப்படி இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். ஆனால் பெரும்பாலும் வடிவமைப்பே காரணமாக இருக்கும். காட்சியில் நடப்பதாகக் கண் சொல்ல, அசையாமல் இருப்பதாக உட்செவி சொல்வதால் தலைசுற்றல் வருகிறது. வழுக்கிச் செல்லும் நடைக்குப் பதிலாக, சுட்டிய இடத்திற்குச் சட்டென்று தாவும் முறை அமைப்பில் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். உட்கார்ந்தபடி பயில முடிந்தால் இன்னும் நல்லது. எழுத்தைப் பொறுத்தவரை, கூர்மையான கண் ஒரு பாகைக்கு ஏறக்குறைய 60 படப்புள்ளிகளைப் பிரித்தறியும். மெட்டா நிறுவனத்தின் க்வெஸ்ட் 3 ஹெட்செட் தருவது சுமார் 25. ஜெர்மன் உயிரெழுத்துகளின் தலைமேல் வரும் இரண்டு புள்ளிகள் சிறிய எழுத்தில் ஒன்றோடொன்று கலந்துவிடுவதில் வியப்பில்லை. செயலியை உருவாக்கியவர்களுக்கு எழுதி, எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: கைப்பேசியைச் செருகும் அட்டைப் பெட்டி போதாதா? எங்கள் பயிற்சி மையத்தால் விலை உயர்ந்த கருவிகளை வாங்க முடியாது.
– ஆசிரியை, மதுரை

பதில்: போதாது. கூகுள் 2014இல் அறிமுகப்படுத்திய கார்ட்போர்டு வகைப் பெட்டிகள் தலை திரும்புவதை மட்டுமே அறியும்; முன்னே நகர்வதையும் கைகளையும் அறியா. பாட்டிலை எடுத்து வைக்கவே முடியாத நிலையில், அது சுற்றிப் பார்க்கும் படக்காட்சியாகவே முடிந்துவிடும். கூகுளும் 2021இல் அதன் விற்பனையை நிறுத்திவிட்டது. நீங்கள் உண்மையான பாட்டிலையும் மேசையையும் பயன்படுத்துங்கள். கட்டளையைக் கேட்டு உடலால் செய்து காட்டியபடியே மொழி கற்கும் முறையை அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களிலேயே ஜப்பானியம், ரஷ்யன் ஆகிய மொழிகளைக் கொண்டு சோதித்துப் பார்த்தார். அதற்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. கோயம்புத்தூர் மாணவர்களும் ஒரு வரி நிரல் எழுதுவதற்கு முன் உங்கள் வகுப்பில் வந்து ஒரு நாள் உட்கார்ந்தால், எந்தப் பயிற்சிக்கு ஹெட்செட் தேவை, எதற்குத் தேவையில்லை என்பதை அங்கேயே பிரித்துவிடலாம்.